மூச்சும் உரைகல்லும்: மொராக்கோவின் 'ஸூஃப்ல்' இதழ் பற்றி ஒரு மதிப்பீடு

மக்ரிபு நாட்டை நாம் அறியாதவரல்லர். அரபு இலக்கணத்தின் முதற்படியில் கால்வைக்கும் மாணவர்கள் உலகின் பல பகுதிகளிலும் ஓதிவரும் 'ஆஜுர்ரூமிய்யா'வை யாத்த இப்னு ஆஜுர்ரூம் (ரஹ்) ஃபாஸ் நகரில் வாழ்ந்து 1323-இல் மறைந்தவர். நம் ஊர்களில் பக்தியோடு ஓதப்பெறும் 'தலாயிலுல் கைராத்' என்னும் ஸலவாத்துத் தொகுப்பை நமக்களித்த இமாம் ஜஸூலி (ரஹ்) அந்நாட்டவரே. மதுரை ஸுல்தான்களின் அரசைத் தம் பயண நூலில் பதிந்துவைத்த இப்னு பதூதா அந்நாட்டுத் தன்ஜா துறைமுகத்தில் பிறந்தவர். இவ்வளவு உறவிருந்தும், அதே ஃபாஸ் நகரில் 1942-இல் பிறந்த அப்துல்லத்தீஃப் லஅபீ என்னும் ஆசிரியர் 1966-இல் தொடங்கி ஆறே ஆண்டுகள் நடத்திய ஒரு சிற்றேட்டின் வரலாறு நம்மவர் பலரின் செவிக்கு எட்டவில்லை.

அவ்வேட்டின் பெயர் 'ஸூஃப்ல்'. பிரெஞ்சு மொழியில் அதற்கு 'மூச்சுகள்' என்பது பொருள். ஈராண்டுக்குப் பின் அரபுப் பக்கங்களும் அதில் இடம்பெற்றன. 1971-இல் 'அன்ஃபாஸ்' என்னும் தனி அரபு ஏடும் பிறந்தது. பிரெஞ்சில் 22 எண்களும் அரபில் 8 எண்களும் வெளிவந்தன. 1972-இல் ஆசிரியர் சிறை புகுந்தார், மூச்சு நின்றது. இடதுசாரிச் சார்புடைய பண்பாட்டு, அரசியல் விமரிசன ஏடுகள் நம் காலத்தில் எத்தனையோ தோன்றி மறைந்தன. அவற்றுள் இவ்வொன்றை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. முஸ்லிம் சமூகம் ஒன்றின் நடுவே, குர்ஆன் ஓதிப் பழகிய பிள்ளைகள் வளர்ந்து நடத்திய ஏடு இது. ஆகவே அதன் நிறையும் குறையும் நம்மோடு தொடர்புடையன.

விமரிசனம் என்பது என்ன?

ஏட்டினுள் நுழையுமுன் ஒரு சொல்லை உரசிப் பார்ப்போம். அரபில் விமரிசனத்துக்கு 'நக்த்' என்று பெயர். இச்சொல் புலவர் அவையில் பிறந்ததன்று. நாணயம் மாற்றுவோன் கடையில் பிறந்தது. குவிந்து கிடக்கும் திர்ஹங்களை விரலால் சுண்டி, நல்லதைக் கள்ளதிலிருந்து பிரித்தெடுப்பதே நக்த். ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ஸல்லாம் அல்ஜுமஹீ, கவிதையை அறிபவனை நாணயம் அறிபவனோடு ஒப்பிட்டார். குதாமா இப்னு ஜஅஃபர் தம் நூலுக்கே 'நக்துஷ் ஷிஅர்' என்று பெயரிட்டார். தமிழில் பொன்னை உரைகல்லில் தேய்த்து மாற்றுக் காண்பதும் இதுவே.

ஆனால் நம் மரபில் இந்த உரைகல் கவிதையோடு நிற்கவில்லை. ஹதீஸ் அறிவிப்பாளர்களின் நம்பகத்தை ஆராயும் 'ஜர்ஹ் வ தஅதீல்' என்னும் கலையில் அது தன் உச்சத்தைத் தொட்டது. இமாம் புகாரி (ரஹ்) அவர்களின் ஆசானாகிய அலீ இப்னுல் மதீனீ (ரஹ்) அவர்களிடம் அவர்தம் தந்தையின் தகுதி பற்றி வினவினர். வேறு யாரிடமாவது கேளுங்கள் என்றார் அவர். வினவியவர் விடவில்லை. தலைகுனிந்திருந்து பின் நிமிர்ந்து, இது மார்க்கக் காரியம் என்று சொல்லி, தம் தந்தை பலவீனமான அறிவிப்பாளரே என்று தீர்ப்பளித்தார். தந்தையை அவர் வெறுத்தாரில்லை, இழித்துரைத்தாருமில்லை, எடையிட்டார். அவ்வளவே.

சுதந்திர விமரிசன ஏடு எனத் தன்னைச் சொல்லிக்கொள்ளும் எந்த ஏட்டையும் நான் இந்த ஒரே கல்லில் உரசிப் பார்க்க விரும்புகிறேன். அரசனைக் குறை சொல்ல அது துணிந்ததா என்பது முதல் வினா. அந்நியனைக் குறை சொல்லிற்றா என்பது எளிய வினா. தன் தந்தையை, அதாவது தன்னை ஈன்ற கட்சியை, கொள்கையை, கூட்டத்தை எடையிட அதற்கு வலிமை இருந்ததா என்பதே முடிவான வினா.

ஏடு பிறந்த வேளை

மொராக்கோ 1912 முதல் 1956 வரை பிரெஞ்சுப் பாதுகாப்பாட்சியின் கீழ் இருந்தது. விடுதலை வந்தது, ஆனால் மக்கள் எதிர்பார்த்த வாழ்வு வரவில்லை. 1965 மார்ச்சில் காஸாபிளாங்கா நகரில் மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். வயது மிகுந்த மாணவர்கள் மேல்வகுப்புக்குச் செல்வதைத் தடுக்கும் சுற்றறிக்கை ஒன்றே அதற்குக் காரணம். அவர்களோடு பெற்றோரும் வேலையற்றோரும் சேர்ந்தனர். படை வந்தது, துப்பாக்கிகள் பேசின. மன்னர் இரண்டாம் ஹஸன் நாட்டுக்கு ஆற்றிய உரையில் ஆசிரியர்களையும் படித்தவர்களையும் சாடினார். இவர்கள் எழுத்தறியாதவராகவே இருந்திருந்தால் நன்று என்னும் கருத்துப்படப் பேசினார். ஜூனில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது, நாடாளுமன்றம் மூடப்பட்டது. அக்டோபர் 29-இல் எதிர்க்கட்சித் தலைவரும் கணித ஆசிரியருமான மஹ்தீ பின் பர்கா பாரிஸ் நகரில் கடத்தப்பட்டார், மீண்டு வரவேயில்லை.

இந்த ஆண்டு கழிந்த மறு ஆண்டின் முதற் காலாண்டில் ரபாத் நகரிலிருந்து 'ஸூஃப்ல்' வந்தது. லஅபீ அந்நகரில் பிரெஞ்சு மொழி கற்பித்துவந்தவர். முஹம்மது கைருத்தீன், முஸ்தஃபா நிஸாபூரீ ஆகிய இளங்கவிஞர்கள் உடன் நின்றனர். மூவரும் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தோர். முஹம்மது மெலெஹி என்னும் ஓவியர் அட்டைக்குக் கரிய ஞாயிறொன்றை வரைந்து தந்தார். தொடக்க எண்களில் நிறம் மட்டும் மாறிற்று. எழுத்தறியாமை நன்று என்று ஆட்சி கருதிய நாட்டில் எழுத்தையே ஆயுதமாக்கி வந்த ஏடு இது. அதன் பெயரை நம் மரபில் நின்று நோக்கினால் இன்னொரு பொருள் தோன்றும். 'பாஸே அன்ஃபாஸ்' என்று ஸூஃபிகள் சொல்லும் மூச்சுக் காவலை நாம் அறிவோம். ஒரு மூச்சும் மறதியில் கழியலாகாது என்பது அப்பயிற்சி. இளைஞர்கள் அதை நினைத்துப் பெயரிட்டனர் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் விழிப்பே மூச்சு என்னும் பொருள் அப்பெயரில் தானே அமைந்துவிட்டது.

அது செய்த பணி

முதல் எண்ணின் முன்னுரையில் லஅபீ சொன்னதன் சாரம் இது: நாட்டின் இலக்கியம் தேங்கிக் கிடக்கிறது, பழமையைக் கல்லாகச் சமைந்து நோக்குவோர் ஒருபுறம், கிழக்கிலிருந்தோ மேற்கிலிருந்தோ கடன் வாங்கிப் பகட்டுவோர் மறுபுறம், இரண்டும் நம் உயிர்ப்பல்ல. இந்தக் குரலில் ஃபிரான்ஸ் ஃபானோனின் செல்வாக்குத் தெளிவாகக் கேட்கிறது. கொடி இறங்கிவிட்டதால் அடிமைத்தனம் இறங்கிவிடவில்லை; அது பள்ளிப் பாடத்திலும், அருங்காட்சியகத்திலும், படித்தவன் தன்னைப் பார்க்கும் கண்ணாடியிலும் குடியிருக்கிறது என்பதே அவர்கள் கட்சி.

சொல்லோடு நின்றிருந்தால் அது வெற்று முழக்கமாயிருக்கும். அவர்கள் பணியாற்றினர். 1966-இல் மூன்றாம் எண்ணில் அஹ்மது பூஅனானீ நாட்டார் வாய்மொழிக் கவிதையை ஆராய்ந்தார். அதற்குமுன் அத்துறை பெரும்பாலும் அந்நிய ஆட்சியின் ஆராய்ச்சியாளர் கையிலிருந்தது. 1967-இல் வந்த 7-8 ஆம் எண் ஓவியக் கலைக்கென்றே அமைந்தது. காஸாபிளாங்கா கலைப்பள்ளியைச் சார்ந்த பரீத் பில்காஹியா, மெலெஹி, முஹம்மது ஷப்ஆ முதலியோரிடம் வினாநிரல் ஒன்றை அனுப்பி விடை பெற்று வெளியிட்டனர். அந்த ஓவியர்கள் ஐரோப்பிய நிலைச்சட்டத்து ஓவியமே கலை, நம் மக்கள் செய்வது வெறும் கைத்தொழில் என்னும் பிரிவினையை மறுத்தனர். கம்பளத்தின் கோணங்களிலும், பெர்பர் பெண்டிரின் நகையிலும், ஸூஸ் மலைப்பகுதிச் சிறு பள்ளிவாசல்களின் வண்ணக் கூரைகளிலும் தம் கலையின் முன்னோரைக் கண்டனர். 1969-இல் மர்ராகிஷ் நகரின் ஜாமிஉல் ஃபனா திடலில், கதைசொல்லிகளும் பழ வணிகரும் கூடும் வெளியில், தம் ஓவியங்களைத் தொங்கவிட்டனர். கலை தன் மக்களைத் தேடி நடந்து சென்ற நாள் அது.

பாலஸ்தீனம் பற்றிய 15 ஆம் எண் 1969-இல் வந்தது. இவ்வேட்டின் முகத்தை மாற்றிய எண் இதுவே. ஆப்ரஹாம் ஸர்ஃபாத்தி என்பார் அதில் மொராக்கோ யூதர்களையும் ஸியோனிஸத்தையும் பற்றி விரிவாக எழுதினார். அவர் காஸாபிளாங்காவில் 1926-இல் பிறந்த யூதர், சுரங்கப் பொறியாளர், குரீப்கா சுரங்கத் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றதால் 1968-இல் பதவி இழந்தவர். முஸ்லிம்களோடு நூற்றாண்டுகள் கூடிவாழ்ந்த தம் சமூகத்தை வேரோடு பெயர்த்து வேறொரு மக்களின் மண்ணில் நடுவது தம் சமூகத்துக்கும் கேடு என்பது அவர் வாதம். கவனியுங்கள்: தம் இனத்தாரிடையே செல்வாக்குப் பெற்ற கொள்கையைத் தாமே எடையிட்டவர் அவர். இமாம் இப்னுல் மதீனீயின் உரைகல் ஒரு யூதப் பொறியாளர் கையில் ஒளிர்ந்ததை மறைப்பது நேர்மையாகாது. 1970-இல் லஅபீ பாலஸ்தீனப் போராட்டக் கவிதைகளைப் பிரெஞ்சில் தொகுத்து வெளியிட்டார். மஹ்மூது தர்வீஷ், ஸமீஹுல் காஸிம் ஆகியோரைப் பிரெஞ்சு வாசகர்க்கு அளித்த கைகளுள் அவருடையது முதன்மையானது.

காசு யாருடையது?

'சுதந்திர ஏடு' என்னும் சொல் எளிதாகச் சொல்லப்படுகிறது. அக்காலத்து அரபு உலகில் அதன் விலை என்ன என்பதை இரண்டு ஏடுகள் காட்டும்.

பெய்ரூத்திலிருந்து 1962 முதல் வெளிவந்த 'ஹிவார்' கண்ணுக்கினிய ஏடு. அதன் ஆசிரியர் தவ்ஃபீக் ஸாயிஹ் சிறந்த கவிஞர். தய்யிப் ஸாலிஹின் 'வடக்கு நோக்கிய புலப்பெயர்வின் பருவம்' என்னும் புகழ்பெற்ற புதினம் 1966-இல் முதன்முதல் அதில்தான் வந்தது. ஆனால் அவ்வேட்டுக்குப் பொருள் தந்த பண்பாட்டுச் சுதந்திரப் பேரவை, அமெரிக்க உளவுத்துறையின் காசில் நடப்பது என்னும் உண்மை அதே 1966-இல் வெளியாயிற்று. யூஸுஃப் இத்ரீஸ் முந்திய ஆண்டே அதன் பரிசை மறுத்திருந்தார். 1967-இல் ஏடு நின்றது. மறுபுறம் ஆப்பிரிக்க-ஆசிய எழுத்தாளர் சங்கத்தின் 'லோட்டஸ்' ஏடு 1968-இல் கெய்ரோவில் தொடங்கிற்று. உருதுப் பெருங்கவிஞர் ஃபைஸ் அஹ்மது ஃபைஸ் பின்னாளில் பெய்ரூத்திலிருந்து அதற்கு ஆசிரியராயிருந்தார். அதற்கோ சோவியத் நாடும் அதன் நேச நாடுகளும் துணை. அத்துணை வீழ்ந்தபோது ஏடும் வீழ்ந்தது.

இவ்விரண்டிலும் நல்ல எழுத்து வந்தது என்பதை மறுக்க மாட்டேன்; கள்ளப் பையிலும் நல்ல நாணயம் கிடக்கக்கூடும். ஆனால் பை யாருடையது என்று தெரியாதவரை வாசகன் ஏமாற்றப்பட்டவனே. 'ஸூஃப்ல்' இந்த இரு பெருங்கைகளுக்கும் எட்டாத தொலைவில், ஒரு சிறு நண்பர் குழுவின் உழைப்பாகத் தொடங்கிற்று என்பது அதற்குரிய முதற் சிறப்பு.

மொழி என்னும் முள்

இனிக் குறைக்கு வருவோம். பிரெஞ்சு ஆதிக்கத்தின் பண்பாட்டை எதிர்க்கும் ஏடு பிரெஞ்சிலேயே எழுதப்பட்டது. லஅபீக்கு இம்முரண் தெரியும். தாம் படித்த பள்ளி தமக்களித்த கருவி அது. அதை அதன் உடையவர்க்கு எதிராகவே திருப்புகிறோம். இது இடைக்கால ஏற்பாடு என்றார். கைருத்தீனோ பிரெஞ்சின் தொடரமைப்பையே உடைத்து எழுதினார். இந்த விடையில் உண்மை உண்டு. ஆனால் அது எழுதுவோனின் துயரத்துக்கு விடையேயன்றி, வாசகனின் துயரத்துக்கு விடையன்று. பெரும்பாலோர் எழுத்தறியாத நாடு. எழுத்தறிந்தோருள்ளும் மக்தபிலும் மத்ரஸாவிலும் ஓதியவர்க்கு அரபே தெரியும். அவர்களுக்காக அரபுப் பக்கங்கள் 1968-இல் 10-11 ஆம் எண்ணில்தான் வந்தன. தனி ஏடு 1971-இல்தான் வந்தது. எட்டு எண்கள் வருவதற்குள் சிறைக்கதவு திறந்துவிட்டது. உள்ளூர் மக்களோடு பேசத் தொடங்கிய வேளையிலேயே ஏட்டின் குரல் நெரிக்கப்பட்டது தற்செயலா என்று கேட்பவரும் உண்டு. பிரெஞ்சில் முழங்கினால் பாரிஸ் கேட்கும். அரபில் சொன்னால் ஃபாஸ் நகரத் தோல் பதனிடுவோன் மகனும் கேட்பான். ஆட்சிக்கு எது அச்சம் தரும் என்பது வெளிப்படை.

கம்பளமும் கிதாபும்

மொழிக்குறையினும் ஆழமான குறை ஒன்றுண்டு. மத்ரஸாவில் ஓதி மத்ரஸாவிலேயே கற்பித்துவரும் எனக்கு அது உறுத்துவதில் வியப்பில்லை. ஆனால் என் துறைக்காக நான் வழக்காடவில்லை. அவர்களுடைய அளவுகோலைக் கொண்டே அளக்கிறேன்.

ஓவியர்கள் என்ன செய்தனர்? பழமை என்று ஒதுக்கப்பட்ட கம்பளத்தை எடுத்தனர்; அதில் உயிருள்ள சிந்தனையைக் கண்டனர். பூஅனானீ என்ன செய்தார்? கதைசொல்லியின் வாய்மொழியை எடுத்தார்; அதில் வரலாற்றைக் கண்டார். ஆனால் எழுத்து மரபுக்கு வரும்போது இப்பொறுமை இல்லை. ஃபிக்ஹும் நஹ்வும் தஸவ்வுஃபும் எழுதிக் குவித்த ஓராயிரம் ஆண்டின் கல்வி அவ்வேட்டில் பெரும்பாலும் உறைந்துபோன ஒன்றாகவே தோன்றுகிறது. தேசியவாதத் தலைவர்கள் அம்மரபைத் தம் பதவிக்கு அணியாக்கிக் கொண்டனர் என்று ஏடு சினந்தது. அச்சினம் நியாயமே. ஆனால் திருடன் அணிந்திருக்கிறான் என்பதற்காக நகை பித்தளையாகிவிடுமா?

அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்று அவர்கள் நாட்டிலேயே, அவர்கள் பிறப்பதற்குச் சற்றுமுன் நடந்தது. பெர்பர் மக்களை ஷரீஅத் நீதியிலிருந்து பிரிக்கும் ஆணை ஒன்றைப் பிரெஞ்சு ஆட்சி 1930 மே மாதம் பிறப்பித்தது. ஸலா நகரின் பெரிய பள்ளிவாசலில் மக்கள் கூடி, பேராபத்துக் காலங்களில் ஓதும் 'யா லத்தீஃப்' திக்ரை ஓதினர். அது ஃபாஸ் நகருக்குப் பரவிற்று, நாடெங்கும் பரவிற்று. கல்லெறியவில்லை; கத்தி எடுக்கவில்லை. இறைவனின் ஒரு திருநாமத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியே ஒரு பேரரசின் ஆணைமீது மக்கள் தீர்ப்பளித்தனர். நவீன மொராக்கோவின் தேசிய எழுச்சி அங்கிருந்து எண்ணப்படுகிறது. விடுதலை இயக்கத் தலைவர் அல்லாலுல் ஃபாஸீ கரவிய்யீன் பள்ளியின் மாணவரே. மக்களின் கலையை மதித்தவர்கள், மக்களின் இபாதத்தில் இருந்த அரசியலைக் காணத் தவறினர். கம்பளத்தை விரித்துப் பார்த்தவர்கள் கிதாபை விரித்துப் பார்க்கவில்லை.

இதற்கு மறுப்புண்டு. கிதாபை வைத்திருந்த உலமாக்கள் 1965-இல் சுடப்பட்ட பிள்ளைகளுக்காக என்ன பேசினர் என்று அவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குரிய விடையை நாம் பின்னர்ச் சொல்ல வேண்டும்.

தந்தையைப் பழித்தலும் எடையிடுதலும்

இத்ரீஸ் ஷராயிபீயின் 'எளிய இறந்தகாலம்' என்னும் புதினம் 1954-இல் பாரிஸில் வந்தது. தந்தையின் கொடுங்கோன்மைக்கும் சமூகத்தின் போலிப் பக்திக்கும் எதிராக ஒரு மகன் செய்யும் கலகமே கதை. விடுதலைப் போர் நடக்கும் வேளையில் நாட்டைக் காட்டிக் கொடுத்தான் என்று தேசியவாதிகள் தூற்ற, ஆசிரியரே ஒரு கட்டத்தில் தம் நூலைக் கைவிட்டதாக அறிவித்தார். 1967-இல் 'ஸூஃப்ல்' தன் ஐந்தாம் எண்ணில் அவருக்காக வாதாடிற்று. தன் சமூகத்தின் புண்ணைக் காட்டுபவன் துரோகியல்லன் என்று நிறுவிற்று. இது துணிச்சலான செயல்.

ஆயினும் தந்தையைப் பழித்தல் வேறு. தந்தையை எடையிடுதல் வேறு. பழிப்பவனுக்குச் சினம் போதும். எடையிடுபவனுக்குத் துலாக்கோல் வேண்டும்; கை நடுங்காமை வேண்டும். மன்னரைப் பற்றியும், பிரெஞ்சுக்காரரைப் பற்றியும், பழைய தலைமுறையைப் பற்றியும் அஞ்சாது பேசிய ஏடு, தான் வரித்துக்கொண்ட புதிய தந்தையை எடையிட்டதா?

1970-இல் லஅபீயும் ஸர்ஃபாத்தியும் பழைய பொதுவுடைமைக் கட்சியின் வழிவந்த அமைப்பைவிட்டு வெளியேறி, 'இலல் அமாம்' என்னும் புரட்சி இயக்கத்தைத் தோற்றுவித்தோருள் முன்னின்றனர். ஏட்டின் நடையிலேயே மாற்றம் தெரிந்தது. தொடக்க எண்களின் உயிர்நாடி வினாநிரல், ஓவியரைக் கேட்டனர், எழுத்தாளரைக் கேட்டனர், தம்மையே கேட்டுக்கொண்டனர். பிந்திய எண்களில் வினா குறைந்தது, விடை மிகுந்தது. கவிதைப் பக்கம் சுருங்கிற்று. வேலைத்திட்டமும் போராட்டப் பகுப்பாய்வும் விரிந்தன. தொடக்கத் தோழர்களும் ஓவியர்களும் விலகினர். மெலெஹி 1971-இல் 'இன்டெக்ரால்' என்னும் வேறோர் ஏட்டைத் தொடங்க, நிஸாபூரீயும், 'ஸூஃப்ல்' பக்கங்களில் முதற்கவிதை வெளியிட்டு வளர்ந்த தாஹிர் பின் ஜல்லூனும் அங்குச் சேர்ந்தனர்.

இம்மாற்றத்தைக் குறைகூறுவது எளிது. அக்காலத்தை உணர்ந்து கூறுவது கடினம். நாடாளுமன்றம் மூடியிருந்தது. எதிர்க்கட்சித் தலைவர் மறைந்து போனார். தெருவில் பேசினால் துப்பாக்கி. அரசியலுக்கு வேறு வீடே இல்லாத நாட்டில் அது கவிதையின் வீட்டுக்குள் குடிபுகுந்தது. அதைத் திண்ணையில் நிறுத்தியிருக்க வேண்டும் என்று, அமைதியாக அமர்ந்து எழுதும் நாம் தீர்ப்புச் சொல்வது அழகன்று. எனினும் விளைவு விளைவுதான். ஏடு இயக்கத்தின் குரலாயிற்று. குரலானபின் உரைகல்லாயிருக்க இயலாது. இயக்கம் தவறினால் அதைச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவராக இருப்பதே விமரிசன ஏட்டின் வேலை. பொன்னைச் செய்யும் தட்டானும் மாற்றுக் காண்பவனும் ஒருவனேயானால் வாங்குவோன் யாரை நம்புவான்?

சிறையும் நூலகமும்

1972 ஜனவரியில் லஅபீயும் ஸர்ஃபாத்தியும் கைதாயினர். மாணவர் கிளர்ச்சியின் பின் சின்னாள் விடுவிக்கப்பட்டனர். மார்ச்சில் லஅபீயை மீண்டும் பிடித்தனர், ஸர்ஃபாத்தி தலைமறைவானார். வதை நடந்தது. 1973-இல் லஅபீக்குப் பத்தாண்டுச் சிறை விதிக்கப்பட்டது. எட்டரை ஆண்டுகள் கழிந்து 1980-இல் வெளிவந்தார். 1985-இல் பிரான்ஸ் சென்றார். ஸர்ஃபாத்தி 1974-இல் பிடிபட்டு, 1977-இல் ஆயுள் தண்டனை பெற்று, 1991-இல் விடுதலையாகி உடனே நாடு கடத்தப்பட்டார். 1999-இல் தாயகம் திரும்பி 2010-இல் மறைந்தார். அந்த ஆண்டுகளை மொராக்கோ மக்கள் 'ஈய ஆண்டுகள்' என்கின்றனர். 2004-இல் அரசே ஒரு நீதி, நல்லிணக்க ஆணையம் அமைத்து அக்கொடுமைகளை விசாரிக்க வேண்டியதாயிற்று. எந்த ஏட்டுக்காக ஆசிரியரைச் சிறையிலிட்டதோ, அதன் எண்களை அந்நாட்டுத் தேசிய நூலகமே பிற்காலத்தில் படியெடுத்துப் பொதுமக்கள் படிக்க வைத்தது. மூச்சை அடக்கிய கையே அதன் பதிவைப் போற்றவேண்டி வந்தது.

ஏடுகளை மூடும் எவரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மவருள்ளும் சிலர், இடதுசாரி ஏடு ஒன்று எங்கேனும் தடை செய்யப்பட்டால் உள்ளூர மகிழ்வதுண்டு. மார்க்கத்தை மதியாதவர்கள்தாமே, நின்றால் நின்றுபோகட்டும் என்பர். இது பெரும் பிழை. ஜமாலுத்தீன் அஃப்கானியும் ஷைகு முஹம்மது அப்துஹுவும் 1884-இல் பாரிஸிலிருந்து நடத்திய 'அல்உர்வத்துல் வுஸ்கா' பதினெட்டு எண்களே வந்தது. அதை எகிப்திலும் இந்தியாவிலும் நுழையவிடாமல் தடுத்தது ஆங்கில ஆட்சி. அன்று தடையுண்டது மார்க்கக் குரல். 1972-இல் தடையுண்டது இடதுசாரிக் குரல். பூட்டு ஒன்றே, கதவுதான் வேறு. பிறர் கதவில் பூட்டுத் தொங்கும்போது கைதட்டுபவன், தன் கதவுக்கும் அளவெடுக்கப்படுகிறது என்பதை அறியான்.

நாம் கொள்ள வேண்டியது

இப்போது, 1965-இல் உலமாக்கள் என்ன பேசினர் என்னும் கேள்விக்கு வருவோம். பொதுவில் நம் வகுப்பார் பேச வேண்டிய இடங்கள் பலவற்றில் பேசாதிருந்தனர் என்பதே உண்மை. அந்த வெற்றிடத்தில்தான் இத்தகைய ஏடுகள் முளைத்தன. பசித்தவன் பற்றியும், சுரங்கத்தில் வேலை இழந்தவன் பற்றியும், நிலம் இழந்த பாலஸ்தீனியன் பற்றியும் நாம் நம் மொழியில், நம் நூல்களின் வலிமையோடு பேசியிருந்தால், அவ்விளைஞர்கள் அச்சொற்களை வேறிடத்தில் தேடப் போயிருப்பார்களா? அவர்கள் கிதாபை விரிக்கவில்லை என்று குறை சொன்னேன். விரித்துக் காட்ட வேண்டியவர்கள் மூடி முத்தமிட்டு அலமாரியில் வைத்ததும் குறைதான்.

இன்னும் ஒன்று. நம் சமூக ஏடுகளைப் புரட்டிப் பாருங்கள். பிறர் நமக்கிழைக்கும் அநீதி பற்றி எழுதுகிறோம், எழுதவே வேண்டும். வக்ஃபுச் சொத்தை விழுங்கும் நம்மவர் பற்றி, வரதட்சணை வாங்கி நிக்காஹ் முடிக்கும் நம்மவர் பற்றி, மத்ரஸாப் பிள்ளைக்குச் சோறிடாமல் மாநாட்டுப் பந்தலுக்குச் செலவிடும் நம்மவர் பற்றி எத்தனை ஏடு பெயர்சொல்லி எழுதுகிறது? சந்தாதாரர் கோபிப்பர், நன்கொடையாளர் முகம் சுளிப்பார், இயக்கத் தலைவர் அழைத்துப் பேசுவார். 'ஸூஃப்ல்' தன் இயக்கத்தை எடையிடவில்லை என்று சொல்ல நமக்கு வாயுண்டு. அவ்வாய் நம் வீட்டிலும் திறக்க வேண்டும். செய்தி வந்தால் ஆராயாது ஏற்காதீர் என்பது திருமறையின் பணிப்பு. அது எதிரி கொண்டுவரும் செய்திக்கு மட்டும் உரியதன்று.

'ஸூஃப்ல்' தன் தொடக்க ஆண்டுகளில் விமரிசன ஏடு எப்படி இருக்க வேண்டும் என்பதற்குச் சான்று. முடிவு ஆண்டுகளில் அது எங்கே சறுக்கும் என்பதற்கும் சான்று. இரண்டுக்கும் அவர்கள் தம் வாழ்வையே விலையாகக் கொடுத்தனர். லஅபீக்கு 2009-இல் பிரான்சின் கோன்கூர் கவிதைப் பரிசு கிடைத்தது. ஆனால் அவருக்குரிய மெய்யான பரிசு, ஓர் ஏடு நாட்டின் மனச்சான்றாக இருக்க முடியும் என்று 1966-இல் இருபத்து நான்கு வயதில் அவர் காட்டியதே என்பேன். அவ்வேட்டை வாழ்த்தவும் வேண்டாம், வசைபாடவும் வேண்டாம். நாணயம் அறிபவன் செய்வது போல விரலால் சுண்டிப் பார்ப்போம். நல்லோசை கேட்டால் நம் பையில் இட்டுக்கொள்வோம். பின்னர் அதே விரலால் நம் பையிலுள்ளவற்றையும் ஒவ்வொன்றாய்ச் சுண்டிப் பார்ப்போம்.